வாசலைப் பார்த்த மேசை

"பெரியவங்க யாராவது பின்னாடி வர்றாங்களா?"

மூத்த சர்வர் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். ஆனாலும் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்ல, நாங்க ரெண்டு பேர்தான்," என்றான் கார்சன். "ஆறரை மணிக்கு மேசை சொல்லியிருக்கேன்."

சர்வர் பட்டியலைப் பார்த்தார். பிறகு அவன் கோட்டைப் பார்த்தார். அது அவன் அப்பாவுடையது; தோள்பட்டை இரண்டு பக்கமும் தொங்கியது. பக்கத்தில் டெசா, புதுச் செருப்பு கடித்த காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்றாள். இருவருக்கும் பதினேழு வயது. உள்ளே இருந்தவர்களில் அவர்களுக்கு அடுத்தபடி இளையவருக்கு ஐம்பதாவது இருக்கும்.

"ஜன்னலோரமா குடுக்கறேன். ஏரி நல்லாத் தெரியும்."

"வேண்டாம். அந்த மேசை போதும்." வாசலுக்கு நேர் எதிரே இருந்ததை டெசா காட்டினாள்.

"அங்க கதவு திறக்கறப்பல்லாம் காத்து அடிக்கும்மா."

"பரவால்ல."

மில்வாக்கி நகரத்தில் அந்த ஏரிக்கரை உணவகத்துக்கு வருகிறவர்கள் ஜன்னலுக்காகத்தான் வருவார்கள். சர்வர் அவர்களை அங்கேயே உட்கார வைத்தார். போகும்போது மேசையிலிருந்த இரண்டு ஒயின் கிளாஸ்களையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

"எல்லாரும் நம்மளையே பாக்கறாங்க," என்றாள் டெசா.

"பாக்கட்டும். நீ காலாட்டாம இரு, மேசையே ஆடுது."

"நீ மட்டும் என்னவாம்? ரொட்டியப் பிச்சுப் பிச்சு, புறாவுக்குப் போட்ட மாதிரி வச்சிருக்கே."

கார்சன் கையைத் துடைத்துக்கொண்டான். "வீட்ல என்ன சொல்லிட்டு வந்தே?"

"லைப்ரரின்னு. நீ?"

"நீச்சல் பயிற்சின்னு. துண்டைக்கூட எடுத்துக்கல, அதையும் எங்கப்பா கவனிக்கல. யாரு எதைச் சொன்னாலும் நம்பிடுவார்."

சொல்லிவிட்டு அவன் தலைகுனிந்துகொண்டான்.

கதவு திறந்தது. இருவரும் சட்டென்று நிமிர்ந்தார்கள். கைத்தடியோடு ஒரு கிழவர். மறுபடி குனிந்துகொண்டார்கள்.

பக்கத்து மேசையில் முத்துமாலை போட்டிருந்த அம்மாள் வெகுநேரமாக அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இப்போது நாற்காலியையே திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"கண்ணுங்களா, கேக்கறேன்னு தப்பா நெனக்காதீங்க. எவ்வளவு நாளாப் பழக்கம்?"

"மூணு வாரம்," என்றான் கார்சன்.

"அட! யாரு முதல்ல பேசினது?"

"இவன்தான் மெசேஜ் அனுப்பினான்," என்றாள் டெசா. "அன்னிக்கு ராத்திரி பூரா நான் தூங்கல."

அம்மாள் கணவரை முழங்கையால் இடித்தாள். "கேட்டீங்களா வெர்னன்? தூங்கலையாம்!"

"எனக்கு இப்பவே தூக்கம் வருது," என்றார் வெர்னன்.

"இவரு கெடக்கறாரு. உங்க வீட்டுல தெரியுமா?"

டெசா தண்ணீர்க் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்குத் தெரிஞ்சிடும்."

"பயப்படாதீங்க. மறைக்காம நேரா சொல்லிட்டா எல்லாம் சரியாப் போயிடும்."

டெசா சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டது.

சூப் வந்தது. ஆறி, மேலே ஏடு கட்டியது. யாரும் ஸ்பூனைத் தொடவில்லை. கதவு இன்னும் இரண்டு முறை திறந்து மூடியது. சர்வர் இரண்டு தடவை வந்து, "சூப் சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஏழு மணிக்கு டெசா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"போயிடலாம் கார்சன். பின்பக்கமா ஒரு வழி இருக்கும்."

"போயி?"

"எதுவுமே நடக்காத மாதிரி இருப்போம். நீ உன் ஸ்கூல், நான் என் ஸ்கூல். யாரும் யாரையும் பாக்க வேண்டாம்."

"உன்னால முடியுமா?"

பாதி எழுந்தபடியே நின்றாள்.

"எங்கம்மா காலையில பாடிக்கிட்டே காபி போடறா," என்றாள் கடைசியில். "அதைக் கேட்டதும் எழுந்து வெளிய போயிடறேன். மூணு வாரமா அவ முகத்தைப் பாத்துப் பேச முடியல."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. இன்னிக்கு எழுந்து போயிட்டா, மறுபடி இங்க வந்து உக்கார்ற தைரியம் எனக்கு வராது, டெசா."

அவள் மெதுவாக உட்கார்ந்தாள். பையை மட்டும் தோளிலிருந்து இறக்கவில்லை.

கதவு திறந்தது. ஏரிக்காற்று மேசை விரிப்பைத் தூக்கியது. உயரமான ஒருவர், பச்சை கவுன் போட்ட பெண்ணின் இடுப்பில் கை வைத்து, அவள் காதோரம் ஏதோ சொல்லிச் சிரித்தபடி உள்ளே வந்தார்.

டெசா கார்சனின் கையைப் பிடித்துக்கொண்டாள். பழகிய மூன்று வாரத்தில் அவள் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

உயரமானவர் நின்றுவிட்டார். சிரிப்பும் நின்றுவிட்டது.

"டெசா? நீ இங்க என்ன பண்றே? யாரு இந்தப் பையன்?"

"அடப் பாவமே, மாட்டிக்கிச்சுங்க," என்று முத்துமாலை அம்மாள் கணவரிடம் கிசுகிசுத்தாள்.

"உக்காருங்க அப்பா, சொல்றேன்," என்றாள் டெசா. பார்வையை அவள் தாழ்த்தவில்லை.

கார்சன் எழுந்தான். பச்சை கவுன் பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை. அவள்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் சொன்னான்:

"டெசா, நீ நேர்ல பாத்ததில்லல்ல? இவங்கதான் எங்கம்மா."