டார்ச் பிடித்தவள்

சட்டென்று விளக்கெல்லாம் அணைந்துபோயின. மேசைமேல் மயக்கத்தில் ஒரு குழந்தை, உதடு பாதி தைத்த நிலையில். டாக்டரின் கையில் ஊசி அப்படியே நின்றது. பெரியவள் டார்ச்சை உயர்த்திப் பிடித்தாள். கை இம்மியும் அசையவில்லை.

"கடைசித் தையல் போடற வரைக்கும் இப்படியேதான் நின்னேன்" என்று சொல்லி டார்ச்சைக் கீழே இறக்கினாள். அது டி.வி. ரிமோட். அவள் நின்றிருந்தது வீட்டு ஹாலில். மாமியாரின் சிநேகிதிகள் வாயருகே கொண்டுபோன பிஸ்கட்டைக் கடிக்க மறந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வீட்டு மூத்த மருமகளான பெரியவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். உதடு பிளந்து பிறந்த குழந்தைகளுக்கு இலவசமாக அறுவை சிகிச்சை செய்ய, பல ஊர் ஆட்களைத் திரட்டி வெளிநாடு போன ஒரு தொண்டர் குழுவில் ஒரு தடவை போய்வந்தாள். போனது ஒரு வாரம். அதைப் பேசுவதற்கு வருஷங்கள் போதவில்லை.

அந்த ஊர் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டர் சீலிங்கில் ஈரம் கசிந்து, படுத்திருக்கும் ஆடு மாதிரி ஒரு கறை இருந்ததுவரை சொல்வாள். ஆட்டுக்குக் கொம்பு எந்தப் பக்கம் வளைந்திருந்தது என்றுகூடச் சொல்வாள். "நேர்ல பார்த்த மாதிரியே இருக்கு" என்று மாமியார் உருகிப்போவார்.

போய்வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் பெரியவள் அடுப்படிப் பக்கம் போனதில்லை. டார்ச் பிடித்த கையில் கரண்டியைக் கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. சமையல் ஓரகத்தியின் தலையில் விழுந்தது. அந்தச் சின்னவளும் பெரியவள் வேலை பார்க்கும் உள்ளூர் ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ்தான், ஆனால் வார்டு நர்ஸ். அவளிடம் சொல்லிக்கொள்ள ஒரு கதையும் இல்லை.

அன்று அவள் டீ தட்டோடு வந்து, போகிற போக்கில் சொன்னாள்.

"அத்தை, இந்த வருஷம் அந்தக் குழுவுல என்னை எடுத்திருக்காங்க. அக்கா போன அதே ஆஸ்பத்திரி."

சோபாவில் இருந்த அத்தனை தலைகளும் சின்னவள் பக்கம் திரும்பின. பெரியவள் கையில் ரிமோட் இருந்தது. அதைப் பார்க்கத்தான் யாரும் இல்லை.

பெரியவள் தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தாள். வெயில் மண்டையைப் பிளக்கும் என்றாள். கொசு குருவி சைஸில் இருக்கும் என்றாள். நீங்க தாங்கினீங்களேக்கா என்று ஒரே வார்த்தையில் அடைத்துவிட்டாள் சின்னவள். உங்க தம்பிகிட்ட சொல்லி நிறுத்தக் கூடாதா, சின்னப் பொண்ணு என்று புருஷனிடம் போனாள். பேப்பரை விலக்காமலே அவன் கேட்டான்: "அவளுக்கு என்ன ஆகும்னு கவலையா, உனக்கு என்ன ஆகும்னு கவலையா?"

கிளம்புகிற அன்று, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சின்னவள் கேட்டாள், அங்கே சாப்பாடு, தண்ணீர் எல்லாம் எப்படி என்று.

பெரியவளுக்கு ஒன்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மாமியார் சின்னவளின் பெட்டிமேல் இருந்த தூசியைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தார். பெரியவள் பெட்டிக்கு அந்தப் பாக்கியம் கிடைத்ததில்லை. நாக்கில் இருந்தது தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கும். போனதும் வரவேற்புன்னு ஒரு பழரசம் குடுப்பாங்க. வேண்டாம்னு சொல்லிடாதே, மனசு கஷ்டப்படுவாங்க."

அந்த வாரம் முழுக்க வீட்டில் சின்னவள் புராணம். விமான நிலையத்தில் அவள் கையசைக்கும் படத்தை மாமியார் பால் ஊற்ற வந்தவருக்குக்கூடக் காட்டினார். டார்ச் பிடித்த கை அடுப்படியில் கரண்டி பிடித்துக்கொண்டிருந்தது.

சின்னவள் திரும்பி வந்தபோது பாதி ஆளாகியிருந்தாள். "ராப்பகலா உழைச்சிருக்கா என் மருமக" என்று மாமியாருக்குக் கண் கலங்கியது. மறுநாளே சிநேகிதிகள் கூடினார்கள். சின்னவள் சோபாவில் இருந்து எழுந்து ரிமோட்டைக் கையில் எடுத்தாள்.

விளக்கெல்லாம் அணைந்துவிட்டதாம். ஒரு மேசை இல்லை, இரண்டு மேசையாம், இரண்டு குழந்தைகளாம். இரண்டு கையிலும் இரண்டு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாளாம். "மேல பார்த்தா அக்கா சொன்ன அதே ஆடு அத்தை. இப்ப பக்கத்துல ஒரு குட்டியும் இருக்கு" என்றாள். சிநேகிதிகள் கைதட்டினார்கள்.

பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கண்டுபிடித்த ஆடு, இவளுக்கல்லவா குட்டி போட்டிருக்கிறது.

சின்னவள் தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்ததும் மடக்கினாள். "ரெண்டு கையிலயும் டார்ச்சுன்னா, டாக்டருக்குக் கத்திரிக்கோலை யாரு எடுத்துக் குடுத்தது? அத்தைகிட்ட வேணும்னா கதை விடு. நான் அங்க இருந்துட்டு வந்தவ."

சின்னவள் தண்ணீரை நிதானமாகக் குடித்து முடித்தாள். ஹாலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, கதவை லேசாகச் சாத்தினாள்.

"நல்ல பழரசம்க்கா அது. ஆனா அந்த ஆடு தியேட்டர்ல இல்லையே, வயித்துப்போக்கு வார்டுலல்ல படுத்திருக்கு" என்றவள், குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"எனக்கு ஜன்னலோரக் கட்டில். உங்களுக்கு எந்தக் கட்டில்?"