வெள்ளத்தில் போன கோமளி

"அழுய்யா! டாக்டரு ஜீப்பு மாந்தோப்பாண்ட வந்துட்சி. மூஞ்சப் பாரு, கல்யாணத்துக்குக் கெளம்புனவன் மாதிரி!"

மனைவி தாட்சாயணி அதட்டியதும் ரங்கையா இன்னொரு தடவை முயன்று பார்த்தான். கண்ணைக் கசக்கினான், மூக்கை உறிஞ்சினான். ஊஹூம், ஒரு சொட்டு வரவில்லை. எப்படி வரும்? வெள்ளத்தில் போனதாகச் சொல்லிக்கொண்டிருந்த பசு கோமளி, எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில், பொன்னையில், மச்சான் சந்துரு வீட்டில் ஜம்மென்று வைக்கோல் தின்றுகொண்டிருந்தது.

புயல் வெள்ளத்தில் மாட்டைப் பறிகொடுத்தவர்களுக்கு அரசாங்கம் மாடாகவே கொடுக்கிறது என்று காதில் விழுந்த மறுநாளே, ரங்கையா கோமளியை ஓட்டிக்கொண்டு போய் மச்சானிடம் விட்டுவிட்டான். ஆந்திர அதிகாரி தமிழ்நாட்டுக்கு வந்தா மாட்டைத் தேடப்போகிறார்?

பேராசைக்காரன் என்று அவனைத் திட்டிவிடாதீர்கள். மகள் ரூபாவுக்குத் திருப்பதியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஒரு மாட்டுப் பாலில் அடுப்பு எரியும், அவ்வளவுதான். ஹாஸ்டலில் சேர்க்க இன்னொரு மாடு வேண்டும். பாவம், வேறு எங்கே போவான்?

ஜீப் நின்றது. கால்நடை டாக்டர் கிரண்குமார் இறங்கினார். தெலுங்கையும் தமிழையும் கலந்தடிப்பவர்.

"ஏமி ரங்கையா, மாடு எப்படிப் போச்சு?"

"கட்டுன கயித்தோட பூட்சி சார்! அம்மா அம்மான்னு கத்திக்கினே பூட்சி. நானும் வாலப் புட்சி இஸ்துப் பாத்தேன்..."

"வாலையா?"

"கொம்பு எட்டல சார்!"

தாட்சாயணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பை அடக்கத்தான். டாக்டருக்கு அது வேறு மாதிரி தெரிந்தது.

"அய்யோ பாபம்! அழாதம்மா. அடுத்த வாரம் நானே நல்ல மாடாப் பாத்துக் கொண்டாந்து கட்டறேன்."

ஜீப் கண்ணுக்கு மறைந்ததும் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "வாலப் புட்சி இஸ்தாராம்!" என்று சொல்லிச் சொல்லி அவள் அன்று முழுக்கச் சிரித்தாள்.

டாக்டர் சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த வாரம் லாரியே வந்துவிட்டது. தெருமுனையில் பலகை போட்டு மாட்டை இறக்கினார்கள். நெற்றி நிறைய மஞ்சள் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை.

"ரங்கையா, மாட்டோட ஒரு போட்டோ எடுக்கணும். ஆபீசுக்கு அனுப்பணும். கொட்டாய் முன்னால நில்லுங்க."

ரங்கையா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான். மாடு நிற்கவில்லை. பிடித்திருந்தவன் கையிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு விறுவிறுவென்று தெருவில் நடந்தது. நான்கு வீடுகளை ஏறிட்டும் பார்க்காமல் ஐந்தாவதாக இருந்த ரங்கையா வீட்டில் திரும்பியது. தாழ்வான கூரைக்குத் தலையைக் குனிந்து கொட்டாய்க்குள் நுழைந்து, தொட்டியில் வாய் வைத்தது. உள்ளே ஒன்றும் இல்லை என்றதும் வெளியே வந்து ரங்கையாவின் கழுத்தை உரிமையோடு நக்கியது.

"பலே! புது மாடு, வந்ததும் எப்படி ஒட்டிக்கிச்சு பாருங்க!" என்று டாக்டர் கைதட்டினார். "கொஞ்சம் சிரிங்க ரங்கையா."

தாட்சாயணிதான் முதலில் வாயைத் திறந்தாள். "யோவ்... இது நம்ம..." என்றவள், டாக்டர் திரும்பியதும் கப்பென்று மூடிக்கொண்டாள்.

ரங்கையா மாட்டின் கொம்பைத் தடவிப் பார்த்தான். "சார்... இத்த எங்க சார் வாங்குனீங்க?"

"பொன்னை சந்தையில. சந்துருன்னு ஒருத்தன். குவைத் விசா வந்துடுச்சாம், டிக்கெட்டுக்குப் பணம் வேணும்னு அவசரமா வித்தான். நேத்து ராத்திரி ஃபிளைட், இந்நேரம் அங்க எறங்கியிருப்பான்."