தொடுகிற ஓரம்

காற்று மெத்தையில் எந்தக் காற்றறையை ஊதுவது, எதை இறக்குவது? இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த கணவனின் படுக்கைப்புண் ஆழமாகாமல் இருக்க, நிறைமதி மாதக்கணக்கில் அதற்குச் சமன்பாடு தேடிக்கொண்டிருந்தாள். அன்றும் நள்ளிரவு தாண்டிக் கணக்குப் போட்டதில் கண்கள் எரிந்தன.

“இன்னுமா விடை வரல, புரொபசர் அம்மா?” என்றான் கட்டிலில் கிடந்த இளவழுதி.

“உடம்பு மெத்தையில படுற இடத்துல அழுத்தம் இருக்கும், படாத இடத்துல இருக்காது. அதுக்கெல்லாம் விடை இருக்குங்க. தொட்டும் அழுத்தாம ஒரு ஓரம் வருது பாருங்க, அங்கதான் கணக்கு உடையுது.”

“அந்த ஓரம்தான்டி எனக்கு வேணும்.”

ஓர் அறையை இறக்கிவிட்டு, புண்ணின் விளிம்புக்குக் கீழே உள்ளங்கையை நுழைத்தாள். மெத்தையும் உடம்பும் கையில் பட்டன, எதுவும் அமுக்கவில்லை. கையை எடுத்தால் அந்த நிலை கலைந்துவிடும். அப்படியே கட்டிலோரம் தலையைச் சாய்த்தாள்.

“தூங்கினா கை கனத்துப் புண்ணை அமுக்கிடும், மதி” என்றான்.

அவள் கண்கள் மூடியிருந்தன.