ஆட்டிப் பார்த்த தேங்காய்

"கூடையில இன்னாம்மா?"

"தேங்காதான் ஏட்டய்யா" என்று கங்கம்மாள் துணியை விலக்கிக் காட்டினாள். குடுமி வைத்து உரித்த காய்கள்.

ஆந்திரா அரிசி எல்லை தாண்டக் கூடாது என்றிருந்த காலம் அது. தடாவிலிருந்து வந்த பஸ்ஸை நிறுத்தி ஏட்டு பச்சையப்பன் சோதனை போட்டுக்கொண்டிருந்தார். முன் சீட்டுப் பெரியவர் துண்டில் முடிந்து வைத்திருந்த பிடி அரிசியைக்கூட அவர் விடவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று பஸ்ஸே முணுமுணுத்தது.

"பழவேற்காட்டுக்குப் போறேன்ற. அங்க இல்லாத தேங்காயா? இத்தப் போயி தடாவுலேர்ந்து தூக்கினு வர?"

"நாத்தனா ஊட்டு மரத்துக் காய்ங்கய்யா. எம் பொண்ணு புள்ள பெத்து பத்து நாளாவுது. ஊட்ல ஒண்ணுமில்ல. பால் ஊறல, கொழந்த கத்திக்கினே கெடக்குது."

மகளைப் பற்றி அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பெற்றவள் அங்கே வெறும் வயிற்றோடு படுத்திருந்தாள். கூடை வீடு போய்ச் சேராவிட்டால் இன்றைக்கும் பட்டினிதான்.

"சரி, சட்னிக்கு எனக்கு ஒண்ணு குடு."

கங்கம்மாள் கூடையை இறுக்கிப் பிடித்தாள். "வேணாங்கய்யா. அடுத்த தபா வரசொல்ல மீன் கொண்டாந்து தரேன்."

"அட, ஒரு தேங்காய்க்கு இந்தப் பாடா?"

ஏட்டு ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினார். மறுபடி ஆட்டினார். இன்னொன்றை எடுத்து அதையும் ஆட்டினார். அவள் முகத்தைப் பார்த்தார்.

கீழே ஜீப்பிலிருந்து இன்ஸ்பெக்டர் அதட்டினார். "அங்க என்னய்யா இவ்வளவு நேரம்?"

"ஒண்ணுமில்ல சார். எல்லாம் நல்ல தண்ணிக் காயி." காய்களைக் கூடையில் வைத்து, துணியையும் ஏட்டே இழுத்து மூடினார். "போம்மா, போய்ப் பொண்ணைப் பாரு."

கங்கம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். பஸ் கும்மிடிப்பூண்டி தாண்டியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"காயத் திருப்பிக் குடுத்ததுக்கா இந்த அழுவ?" என்று பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள்.

"உனக்கு இன்னா தெரியும்? அந்த மகராசன் நல்லா இருக்கணும். அவரு புள்ள குட்டிங்க ஒரு நாளும் பசின்னு படுக்கக் கூடாது."

வீட்டுக்கு வந்ததும் முறத்தை எடுத்து வைத்தாள். ஒவ்வொரு காயாகக் குடுமியைப் பிய்த்து, கண்ணில் அடைத்திருந்த நாரை உருவி, முறத்தில் கவிழ்த்தாள்.

ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நெல்லூர் அரிசி பொலபொலவென்று கொட்டியது.