பிராசஸர் சொல்லாத காரணம்

ஓர் அலுவலகத்துப் பழைய கணினி அடிக்கடி சூடேறி, பாதி வேலையில் அணைந்துகொண்டிருந்தது. காரணம் உள்ளேயிருந்த பிராசஸருக்குத் தெரியும். தன் சூட்டை மேலேயிருந்த அலுமினியத் தகட்டுக்குக் கடத்துகிற பசை காய்ந்து, பொருக்குத் தட்டிப்போயிருந்தது.

"வெளியே சொல்லிடாதே, என்னைச் சுரண்டி எறிஞ்சிடுவாங்க. பத்து வருஷமா உன்னை ஒட்டியே கிடந்தவன் நான்" என்று பசை கெஞ்சியது. பிராசஸர் வாயைத் திறக்கவில்லை.

தகட்டின்மேல் இருந்த விசிறிக்கு இதெல்லாம் தெரியாது. "இன்னும் வேகமாச் சுத்துறேன் தம்பி, பயப்படாதே" என்று சொல்லிச் சொல்லிச் சுற்றியே கரகரவென்று இரையத் தொடங்கியது.

பழுதுபார்க்க வந்தவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே சத்தம் போட்டது விசிறி மட்டும்தான். "இதுதான் கோளாறு" என்று அதைக் கழற்றினார்.

"தம்பி, நான் என் வேலையை ஒழுங்காத்தானே செஞ்சேன்? நீயாவது சொல்லேன்" என்றது விசிறி.

பிராசஸர் பேசவில்லை. விசிறி குப்பைக்கூடைக்குப் போயிற்று.

புது விசிறி சத்தமே இல்லாமல் சுற்றியது. ஆனாலும் ஒரு மணி நேரத்தில் பிராசஸர் பழையபடி கொதித்தது.

"என்மேல ஏதும் தப்பாண்ணே?" என்று புது விசிறி பயந்துபோய்க் கேட்டது.

இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் பிராசஸர் நினைத்தது. அதற்குள் கணினி அணைந்துவிட்டது. அப்புறம் யார் பொத்தானை அழுத்தியும் அது எழவே இல்லை.