பக்கத்து வீட்டுச் சிரிப்பு

“பொம்பள கையில வைன் குவளை! இந்தக் கண்ணால பாத்துட்டேங்க!”

பின்கட்டிலிருந்து ஓடிவந்த நல்லம்மாளுக்கு மூச்சு வாங்கியது. அவள் கணவர் இராமலிங்கம், ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, பத்திரிகையை இறக்காமலே கேட்டார்.

“யாரு?”

“பக்கத்து வீட்டு வெரோனிகாதான். புருஷன் மாரிஸ் ஊத்துறாரு, இவ சிரிச்சுக்கிட்டே வாங்கிக் குடிக்கிறா.”

“அவங்க வீட்ல அவங்க குடிக்கிறாங்க. உனக்கென்ன?”

அப்படிச் சொன்னால் விட்டுவிடுகிறவளா நல்லம்மாள்?

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர். மாரிஸ், வடக்கே போகும் மெயில் வண்டியில் வெள்ளைக்காரத் துரைமாருக்குச் சாப்பாடு பரிமாறுகிறவர். சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் வீட்டில் இருப்பார். அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே கும்மாளம்.

“சிவப்பு வைன்ல ஐஸ் போடக்கூடாதாம். போட்டா துரை மூஞ்சியைச் சுளிப்பாரு,” என்று மாரிஸின் குரல் கேட்கும். “நம்ம வீட்ல எந்தத் துரை இருக்கான்? போடு ரெண்டு கட்டி! ஆரஞ்சுப் பழத்தையும் பிழிஞ்சு விடு.”

“இஞ்சி தட்டிப் போடட்டுமா?” என்பாள் வெரோனிகா.

“போடு, போடு! இதுக்குப் பேருதான் காக்டெயில்!”

அப்புறம் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

இத்தனை நாளும் மாரிஸ் மட்டும் குடிப்பதாகத்தான் நல்லம்மாள் நினைத்திருந்தாள். அது அவளுக்குப் பெரிய குற்றமாகப் பட்டதில்லை. ஆம்பிளை. ஆனால் இவளுமா?

திங்கட்கிழமை காலையில் குழாயடியில் பிடித்துக்கொண்டாள்.

“வெரோனிகா, நேராவே கேக்குறேன். நீயும் குடிக்கிறியா?”

வெரோனிகா வாளியைக் கீழே வைத்தாள்.

“ஆமாக்கா.”

“வெக்கமா இல்ல? புருஷன் குடிச்சா பொண்டாட்டி தடுக்கணும். நீ கூடவே உக்காந்து குடிக்கிறியே!”

வெரோனிகா குனிந்து வாளியைக் குழாய்க்கு நேராக நகர்த்தினாள்.

“லெட்சுமிய இனிமே தையல் பழக உன் வீட்டுக்கு அனுப்பமாட்டேன். சொல்லிட்டேன்.”

அதற்குத்தான் வெரோனிகாவின் முகம் மாறியது. பிள்ளை இல்லாதவள். நல்லம்மாளின் மகள் லெட்சுமி பள்ளிக்கூடம் விட்டு வந்தால், விளக்கு வைக்கும்வரை அந்தத் தையல் மெஷின் பக்கத்தில்தான் இரண்டு பேரும்.

“நான் நிறுத்திட்டா... அனுப்புவீங்களாக்கா?”

“தாராளமா அனுப்புறேன்.”

அடுத்த சனிக்கிழமை சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

“பாத்தீங்களா? ஒரே ஒரு பேச்சு. திருந்திட்டா!” என்றாள் நல்லம்மாள் கணவரிடம். தெருவில் நாலு பேரிடமும் சொல்லிக்கொண்டாள். லெட்சுமி மறுபடியும் தையலுக்குப் போனாள்.

மாரிஸ்தான் வீட்டில் தங்கவில்லை. சாயங்காலமானால் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே கள்ளுக்கடைக்கு நடந்தார். முதலில் சனிக்கிழமை மட்டும். பிறகு, ஊரில் இருக்கிற எல்லா நாளும். ஒரு நாள் சாக்கடை ஓரம் கிடந்தவரை இராமலிங்கம்தான் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து விட்டார்.

“பாவம் அந்தப் பொண்ணு. இவ திருந்தின நேரம், அவர் கெட்டுப் போனாரு,” என்று நல்லம்மாள் உண்மையிலேயே வருத்தப்பட்டாள்.

கடைசியில், வண்டியிலேயே தள்ளாடி ஒரு துரையின் மடியில் சூடான சூப்பைக் கொட்டிவிட்டார் மாரிஸ். வேலை போனது. வேலையோடு குவார்ட்டர்ஸும் போனது.

கிள்ளானில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போவதாக வெரோனிகா சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றினாள். மாரிஸ் முன்னால் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். நல்லம்மாள் வழிக்குச் சோறு கட்டிக்கொண்டு வந்தாள்.

“மனசை விட்டுடாத வெரோனிகா. அவர் எப்படிப் போனாலும், நீ என் பேச்சைக் கேட்டு அந்தக் கருமத்தை விட்டியே, அதுவே பெரிசு.”

வெரோனிகா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை என்று நல்லம்மாளுக்குப் பின்னாளில் பலமுறை தோன்றியது.

“கல்யாணமான புதுசுலயும் இவர் இப்படித்தான் தெருவுல கிடப்பாருக்கா,” என்றாள் மெதுவாக. “சனிக்கிழமை மட்டும், வீட்டுக்குள்ள மட்டும், ஒரே ஒரு போத்தல்னு மாதா மேல சத்தியம் வாங்கினேன். ‘நீயும் கூட உக்காந்தா சரி’ன்னாரு. உக்காந்தேன். அதுக்கப்புறம் இவர் கள்ளுக்கடைப் பக்கமே போனதில்ல.”

நல்லம்மாள் சோற்றுப் பொட்டலத்தை வண்டிக்குள் வைத்தாள்.

“அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே!”

“புருஷன் குடிகாரன்னு நானே எப்படிக்கா சொல்றது? உங்க வீட்டுக்காரர் ரயில்வே கிராணி. ஆபீஸ் வரைக்கும் போயிடுமே. என்னைப் பேசினா பேசிட்டுப் போகட்டும்னு இருந்தேன். அப்புறம் லெட்சுமி வரணுமேங்கிற ஆசையில நிறுத்திட்டேன். இவர் தாங்கிக்குவாருன்னு நெனச்சேன்.”

வண்டிக்காரன் மாட்டைத் தட்டினான். நல்லம்மாள் வண்டியின் பின்கட்டையைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தாள்.

“சரி, கூட உக்காந்த. அதோட விடக்கூடாதா? நீயும் ஏன் குடிச்ச?”

“எனக்கு அந்த நெடியே ஆகாதுக்கா. இருக்கிறது ஒரு போத்தல்தானே? நான் குடிச்ச பாதி, இவர் குடிக்காத பாதி.”