பூப்போல ஒரு இறக்கம்

“நேத்து ராத்திரி உங்கப்பா பூ மாதிரி இறக்கினாராம். இன்னிக்கு மாமா எப்படி இறக்குறேன்னு பாரு” என்றபடி மச்சினன் தன் குட்டி விமானத்தில் அக்கா மகளை ஏற்றி பெல்ட்டை மாட்டினான்.

விமானக் கொட்டகை வாசலில் நின்றிருந்த குழந்தையின் அப்பா இரண்டடி முன்னால் வந்தார். பூவாவது புடலங்காயாவது. இருட்டில் இரண்டு வரிசை விளக்குகளை மட்டும் நம்பி இறங்கினார். தரை இன்னும் கீழே இருக்கிறது என்று நினைக்கும்போதே தரை வந்துவிட்டது. தடால் என்று விழுந்து, எகிறி, மறுபடி விழுந்த விமானத்தை ஒன்றும் நடக்காதது போல ஓட்டிவந்து நிறுத்தினார்.

அவரும் மனைவியும் ஒன்றாகப் படித்து லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. போன வாரம் இதே விமானத்தை ராத்திரியில் தனியாக ஓட்டிவிட்டு வந்து, “ரொம்ப சுலபம்தாங்க” என்று சொன்னவள் அவள். அவளிடம் மானம் போகக் கூடாதென்று அளந்ததுதான் அந்தப் பூ.

சக்கரத்தைத் தாங்கும் கால் விரிசல் விட்டிருந்தால்? மகள் உள்ளே இருக்கும்போது முறிந்தால்?

“காத்து பலமா இருக்கே மாப்ளே, நாளைக்குப் போலாமே” என்றார்.

“இலைகூட அசையல அத்தான்.”

“குழந்தைக்கு வேற சளிடா. இறக்கி விட்டுடு” என்றாள் மனைவி.

“எனக்குச் சளியே இல்லம்மா” என்றாள் மகள்.

கேட்காமலே கைகொடுக்கிறாளே என்று அவருக்கு நெஞ்சு உருகியது. இவளிடமா பொய் சொன்னோம் என்று கூசியது. மச்சினன் சாவியைத் திருகப் போனான். அவர் ஓடிப்போய் இறக்கையைப் பிடித்துக்கொண்டார்.

“நிறுத்து மாப்ளே. நேத்து நான் பூ மாதிரியெல்லாம் இறக்கல. தரையில கொண்டுபோய் இடிச்சேன். முதல்ல குழந்தையை இறக்கு.”

மச்சினன் சட்டென்று பெல்ட்டைக் கழற்றினான். மகளை இறக்கிவிட்டு, டார்ச்சோடு விமானத்தின் அடியில் படுத்தான். இடது சக்கரத்துக்கு மேலே, விரல் நீளத்துக்கு ஒரு விரிசல்.

அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.”

“இருங்க அத்தான்.” அவன் விரிசலைச் சுரண்டி விரலை நீட்டினான். “உள்ளே துரு ஏறியிருக்கு. இது நேத்து விட்டதில்ல. விரிஞ்ச காலோடதான் நீங்க பறந்திருக்கீங்க. உயிரோட வந்ததே பெரிசு. நான் ஒரு மாசமா இதைத் தொடவே இல்லையே.”

மனைவி மகளை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். கணவன் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

“நேத்து நீங்க ஏறும்போதே சொல்லியிருக்கணும். வாய் வரலைங்க.”